வாசகர் கேள்வி பதில்: ‘ழ’வுக்கு எத்தனை பாயிண்ட்?

போன மாதம் பல்லாங்குழி பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, எங்கள் வீட்டில் நாங்களே உண்டாக்கி ஆடுகிற ஒரு சொல்லாட்டத்தைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். பல்லாங்குழிக்கு வந்ததைவிட அந்த இரண்டு வரிக்குத்தான் கடிதங்கள் கூடுதல். அதிலும் பாதிக்கு மேல் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுடையது. ஆச்சரியமில்லை; இங்கே தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்க ஏதாவது வேண்டித்தான் இருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அது மட்டும்.

கேள்வி: ஸ்க்ராபிள் (எழுத்துக் காய்களைக் கட்டப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கிற ஆங்கில ஆட்டம்) மாதிரி தமிழில் ஒன்று செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று 247 எழுத்தையும் அட்டையில் எழுதி வெட்டினேன். எழுத்துக்கு ஒன்று போட்டாலே பை நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கைக்கு ஙௌவும் ஞூவும்தான் வருகிறது, ஒரு சொல்லும் சேர மாட்டேன் என்கிறது. எப்படிக் குறைப்பது?
— தமிழாசிரியை ஒருவர், தக்கலை

பதில்: டீச்சர், நானும் அந்த 247-இல்தான் தொடங்கினேன். ஆங்கிலத்தில் 26 எழுத்து, 100 காய், அதனால் E மட்டும் 12 காய் வைக்க இடம் இருக்கிறது. நமக்கு உயிர்மெய் மட்டுமே 216. அதை அப்படியே பையில் போட்டால் எந்த எழுத்தும் இரண்டாம் தடவை வராது, அம்மா என்று எழுதக்கூட அதிர்ஷ்டம் வேண்டும்.

அடுத்து எல்லாரும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். உயிரையும் மெய்யையும் பிரித்துத் தனித்தனிக் காய். கடல் என்றால் க், அ, ட், அ, ல் என ஐந்து காய். கணக்குப்படி பிரமாதம், முப்பதே வகைதான். ஆனால் பலகையில் பரப்பியதும் என் அம்மை எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன, அல்ஜீப்ராவா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் காதுக்கும் கண்ணுக்கும் ‘க’ ஒரே எழுத்துதான். விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவி என்று வருவது எழுத்து எழுத்தாகத் திருப்பினால் மட்டும்தான். உயிர், மெய் என்று பிரித்துத் திருப்பினால் ‘இவகடகிவ்’ என்று ஏதோ வரும். ஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகமும் எழுத்தாகத்தான் திரும்புகிறது. ஆக, ஆட்டத்தின் காய் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு முடிவு செய்தேன்.

மூன்றாவது தடவை செய்ததுதான் நிலைத்தது. குடும்பக் காய் என்று அதற்கு வீட்டில் பெயர். ‘க’ என்று எழுதிய ஒரு காய், க் முதல் கௌ வரை உள்ள 13 எழுத்துக்கும் ஆள். பலகையில் வைக்கும்போது எது வேண்டுமோ அதற்கான காலோ கொம்போ புள்ளியோ ஸ்கெட்ச் பேனாவால் போட்டுக்கொள்ள வேண்டியது. 18 மெய்க்கு 18 குடும்பம். க 10, த 9, ர 8, ழவும் ஙவும் இரண்டிரண்டு, ஞ ஒன்று, மற்ற 12 குடும்பமும் 4 முதல் 7 வரை, உயிரெழுத்து எல்லாம் சேர்த்து 8, எதுவும் எழுதாத வெற்றுக்காய் 2. மொத்தம் 108. (108 வேண்டுமென்று வைத்ததல்ல. ஆனால் அம்மைக்கு அந்த எண்ணால்தான் ஆட்டத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.)

காய் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசாரியிடம் கெஞ்சி வாங்கின சன்மைக்கா துண்டுகளை வெட்டி, அழியாத பேனாவால் எழுத்தை எழுதி, மேலே அழிகிற ஒயிட்போர்டு பேனாவால் கால் கொம்பு போட்டோம். ஆட்டம் முடிந்து துவர்த்தை (துண்டுதான்) எடுத்துத் துடைத்தால் காலோடு சேர்ந்து எழுத்தும் போய்விட்டது! அழிகிற மை அழியாத மையையும் கரைத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். இப்போது காம்பஸ் முனையால் எழுத்தைக் கீறி, கீறலுக்குள் மை தேய்த்து வைத்திருக்கிறேன், அது போகாது. எழுத்தைக் காயின் நடுவில் சின்னதாகப் போடுங்கள்; இடது பக்கம் கொம்புக்கு, வலது பக்கம் காலுக்கு, தலைக்கு மேல் புள்ளிக்கு இடம் வேண்டும். கு, டு, து எல்லாம் உருவமே மாறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், கீழே ஒரு வால் இழுத்தால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அடிப்பக்கம் ஒரு கோடும் போட்டு வையுங்கள், தலைகீழாக வைத்த காயை ஆளுக்கொரு விதமாகப் படித்து ஒரு மாலைநேரம் முழுக்கப் போயிருக்கிறது.

இனி விதி. ஒரு காயில் குறி போட்டுவிட்டால் அது அந்த எழுத்துதான். குறுக்கே கா என்று வைத்ததை நெடுக்கே கி என்று படிக்கக் கூடாது. முதலில் அதற்கு அனுமதி கொடுத்துத்தான் ஆடினோம். எல்லாச் சொல்லும் எல்லா இடத்திலும் பொருந்தி, பலகையைப் பார்த்தால் என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தவனுக்கே தெரியவில்லை.

ஆனால் இந்த விதியை வைத்தவுடன் தமிழ் தன் குணத்தைக் காட்டும். உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டும்தான் வரும் (அளபெடையை விடுங்கள், யாரும் அதை ஆட்டத்தில் கொண்டுவர மாட்டார்கள்). அப்படியென்றால் ‘அ’ காயை வைக்கிற கட்டத்துக்கு இடப்பக்கமும் மேல்பக்கமும் காலியாக இருந்தாக வேண்டும். வலது ஓரத்தில் குறுக்குச் சொல் தொடங்காது, கீழ் ஓரத்தில் நெடுக்குச் சொல் தொடங்காது, வலது கீழ் மூலை உயிருக்குச் சுடுகாடு. புள்ளி வைத்த எழுத்து நேர் எதிர், அது சொல்லைத் தொடங்கவே தொடங்காது. கடைசியிலும் எல்லா மெய்யும் நிற்காது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. நன்னூல் கணக்குப்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை 103, கடைசியில் வரக்கூடியவை 24. நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அந்தச் சூத்திரங்கள், பலகையில் காய் வைக்க இடம் தேடும்போது உயிர் பெற்று வந்து நிற்கின்றன. உங்கள் பிள்ளைகளுக்கு மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டி இருக்காது, டீச்சர்.

உயிர்க்காய் கையில் மாட்டிக்கொண்டு தவிப்பவருக்காக ஒரு சலுகை வைத்தோம்: ஒரு முறைக்கு ஒரு உயிர்க்காயைப் பைக்குள் போட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம், முறை போகாது. கையில் ஸ்க்ராபிளின் ஏழு காய்க்குப் பதிலாக எட்டு. ஏனென்றால் நம் சொற்களில் க்க, த்த, ப்ப, ட்ட என்று இரட்டித்து வருவது மிக அதிகம், ஒரே குடும்பத்தில் இரண்டு காய் கையில் இல்லாமல் பத்து, பக்கம் எதுவும் எழுத முடியாது.

கேள்வி: ழ தமிழுக்கே உரிய சிறப்பு எழுத்து என்பதால் நாங்கள் அதற்கு 10 பாயிண்ட் வைத்திருக்கிறோம். ழ கிடைத்தவர்தான் எப்போதும் ஜெயிக்கிறார். எதற்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, ழவின் மேல் இருக்கிற பாசத்தைப் பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்வோம். மழை, பழம், வாழை, கோழி, விழா, ஏழு, கிழமை. காலையில் எழுந்ததிலிருந்து நாம் பேசுகிற சொற்கள் இவை. அரிய எழுத்து என்று யார் சொன்னது?

ஸ்க்ராபிளைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்ச் சும்மா இருந்த மனிதர். அவர் சிறப்பு, பெருமை எதையும் பார்க்கவில்லை, நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வருகிற E-க்கு 1, அபூர்வமாக வருகிற Q-வுக்கும் Z-க்கும் 10. இந்தக் கணக்கு மொழிக்கு மொழி மாறும். போலந்து மொழி ஸ்க்ராபிளில் அதே Z-க்கு ஐந்து காய், ஒவ்வொன்றுக்கும் 1 பாயிண்ட்தான், அங்கே அது தெருவெல்லாம் கிடக்கிற எழுத்து.

நீங்களும் எண்ணுங்கள். ஒரு தாளில் 18 மெய்யையும் கீழே கீழே எழுதி, ஒருவர் படிக்க ஒருவர் கோடு போட வேண்டும், நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. செய்தித்தாளில் ஒரு முழுப்பக்கம் போதும். கையில் கிடைத்ததை எடுத்து எண்ணாதீர்கள். நான் முதலில் மேசைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து எண்ணினேன்; திரு, திருமதி, திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி, திருமணம் என்று தவும் ரவும் வானத்துக்கு ஏறிவிட்டன. அதை நம்பிக் காய் செய்து, இரண்டு மாதம் எல்லார் கையிலும் ததததர.

எண்ணி முடித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தமிழில் எழுத்தின் கஷ்டம் எத்தனை தடவை வருகிறது என்பதில் மட்டும் இல்லை, எங்கே உட்காரும் என்பதிலும் இருக்கிறது. ங எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள், அங்கே, சங்கு என்று நிறையவே வருகிறது, ஆனால் ங் போட்டால் பக்கத்தில் க குடும்பம் வந்தே தீர வேண்டும், கையில் க இல்லாதவனுக்கு ங வெறும் சன்மைக்கா துண்டு. ஞ் கூட அநேகமாக அப்படித்தான், பஞ்சு, இஞ்சி, மஞ்சள் எல்லாவற்றிலும் ச-வைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். ண, ன, ற, ள, ழ ஐந்தும் சொல்லைத் தொடங்காது. அதனால் எண்ணிக்கைப்படி ஒரு மதிப்பு போட்டு, இந்த மாதிரி அடம் பிடிக்கிற எழுத்துக்கு மேலே ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொண்டோம். எங்கள் பலகையில் இப்போது ழவுக்கு 4, ஙவுக்கு 5, ஞவுக்கு 8. ஆடிப் பார்த்து மாற்றியதுதான், கல்வெட்டு இல்லை.

கேள்வி: என் அண்ணன் நான் வைக்கிற எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ‘கள்’ சேர்த்து என் பாயிண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறான். இது அழுகுணி ஆட்டம்தானே? தடுக்க விதி உண்டா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, இரணியல்

பதில்: மக்களே, எல்லாச் சொல்லுக்கும் சேர்க்கிறான் என்றால் உன் அண்ணன் இலக்கணத்தையும் சேர்த்து ஏமாற்றுகிறான், நீ கவனிக்கவில்லை. மரம் என்று நீ வைத்ததற்குப் பின்னால் கள் சேர்த்தால் மரம்கள்தான் வரும். மரங்கள் ஆக வேண்டுமென்றால் உன் ம்-ஐ எடுத்துவிட்டு ங் வைக்க வேண்டும், பலகையில் இருக்கிற காயைத் தொட அவனுக்கு உரிமை கிடையாது. கல் கற்கள் ஆகும், முள் முட்கள் ஆகும், அங்கேயும் கடைசி எழுத்து மாறுகிறது, அதனால் முடியாது. பூவுக்குச் சேர்க்கலாம், ஆனால் பூக்கள் ஆக மூன்று காய் செலவழிக்க வேண்டும். நிஜமாகவே அவனுக்கு வசதி வீடு, நாடு, கிளி மாதிரி உகரத்திலும் இகரத்திலும் முடிகிற சொற்கள்தான். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் S காயை மொத்தமே நான்கு வைத்தார் பட்ஸ். நமக்குப் புணர்ச்சி விதியே காவல் நிற்கிறது.

நீ பயப்பட வேண்டியது கள்ளுக்கு இல்லை, ம்-முக்கு. வீடு, காடு, நாடு, மாடு எதற்குப் பின்னாலும் ஒரே ஒரு ம் வைத்தால் வீடும், காடும், நாடும், மாடும்! ஒரு காய், முழுச் சொல்லின் பாயிண்ட். உன் அண்ணனுக்கு இது இன்னும் தோன்றவில்லை போலிருக்கிறது, அவன் இந்தப் பத்திரிகையைப் படிப்பதற்குள் கீழே உள்ள விதியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு.

ஒன்று, உம், ஆ, ஏ, ஓ ஆகிய நான்கையும் சொல்லின் கடைசியில் ஒட்டக் கூடாது. இரண்டு, ஏற்கனவே இருக்கிற சொல்லை நீட்டினால் புதிதாக வைத்த காய்களுக்கு மட்டும்தான் பாயிண்ட். இந்த இரண்டாவது விதிக்கு நாங்கள் வந்து சேர ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதற்கு முன்னால் ஒட்டே கூடாது, அகராதியில் தலைச்சொல்லாக இருப்பது மட்டும்தான் செல்லும் என்று கடுமையாக இருந்து பார்த்தோம், ஆட்டம் செத்துவிட்டது. வந்தான், போனாள் என்றுகூட எழுத முடியாத தமிழில் என்ன எழுதுவது? எதையும் ஒட்டலாம் என்று கதவைத் திறந்தும் பார்த்தோம், ஒருவன் வந்துகொண்டிருந்தவர்களுக்கு என்பதை மூன்று முறையாக நீட்டி நீட்டிப் பலகையின் ஓரத்துக்கே போய்விட்டான். இப்போது படி, படிப்பு, படிப்புகள் என்று ஒரு சொல்லை இரண்டு தடவை நீட்டலாம், அதோடு நிறுத்தம்.

கேள்வி: அம்மச்சி சக்கை என்று வைத்தார். சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த மாமா மகன், பலாவுக்கு அந்தப் பெயரே கிடையாது என்று சண்டை. அடுத்து வெள்ளம், அது தண்ணீர் இல்லையாம். மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குதான்) ஆட்டமே நின்றுவிட்டது. ஊர்ச் சொல் செல்லுமா, செல்லாதா?
— பட்டப்படிப்பு மாணவி, மார்த்தாண்டம்

பதில்: முதல் இரண்டு சண்டையும் வீண். பலாவோ, கரும்பைப் பிழிந்து போட்டதோ, சக்கை என்று ஒரு சொல் இருக்கிறது, அவ்வளவுதான் பலகைக்கு வேண்டும். வெள்ளமும் அப்படியே, உங்கள் மாமா மகனுக்கு அது ஆற்றில் வரும், அம்மச்சிக்குச் செம்பில் வரும், காய் மூன்றும் அதே காய்தான்: வெ, ள், ள... சரி, நான்கு. மரச்சீனிதான் உண்மையான கேள்வி.

இதற்கு ஆட்டம் தொடங்கும் முன்னால் ஒரு அகராதியை நடுவராக ஒப்புக்கொள்ள வேண்டும். கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய எழுத்துத் தமிழுக்கு நல்ல நடுவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924-இலிருந்து 1936-க்குள் ஆறு தொகுதியாக வந்தது, பின்னால் ஒரு பிற்சேர்க்கை) கடல் மாதிரி. லட்சத்துக்கு மேல் தலைச்சொல், நாஞ்சில் நாட்டு வழக்கு என்றே குறிப்பிட்டுத் தந்த சொற்களும் அதில் உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு சாதகம். ஆனால் லெக்சிகனை மடியில் வைத்துக்கொண்டு ஆடினால் பத்தாம் நூற்றாண்டோடு ஆடுகிற மாதிரி ஆகிவிடும், யாருக்கும் பொருள் தெரியாத சொற்களாக வந்து விழும். ஸ்க்ராபிளில் அது செல்லும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்து 2015-இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை ஜெயித்துவிட்டார். பெரிய சாதனைதான். எங்கள் வீட்டில் அது நடக்காது. யார் கேட்டாலும் வைத்தவர் பொருள் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும்.

ஊர்ச் சொல்லுக்கு நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு சொல்லை இரண்டு வேறு வேறு வீட்டுக்காரர்கள் தெரியும் என்று சொன்னால் அது நோட்டில் ஏறும், ஏறிய பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. துவர்த்து, கடவம் (ஓலைப்பெட்டி), தீயல் (வறுத்தரைத்த குழம்பு), மரச்சீனி, ஓட்டுப்பால் (ரப்பர் மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கிற பால்) எல்லாம் அதில் இருக்கின்றன. ஓட்டுப்பால் ஏறினது ரப்பர் வெட்டப் போகிற பக்கத்து வீட்டு அண்ணன் சாட்சி சொல்லித்தான். வெளியூர்க்காரர் வந்தால் அவர் ஊர்ச் சொல்லும் ஆட்டத்துக்கு மூன்று செல்லும் என்று வைத்துவிடுங்கள், மாமா மகனுக்கு வாய் அடைபடும். அவரிடம் மூன்று இருக்குமா என்பது வேறு விஷயம்.

எதிர்த்துக் கேட்பதற்கும் விலை வேண்டும். அமெரிக்கப் போட்டிகளில், கேட்ட சொல் சரி என்று ஆகிவிட்டால் கேட்டவருக்கு அடுத்த முறை போச்சு. அம்மச்சியோடு ஆடும்போது இந்த விதியைக் கண்டிப்பாக வையுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு சொல்லாட்டம் கண்டுபிடித்திருக்கிறேன். யாரும் திருடிவிடாமல் காப்புரிமை வாங்க வேண்டும். எங்கே விண்ணப்பிப்பது?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், குளச்சல்

பதில்: ஐயா, ஆட்டத்தை ஆடும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் (m) உட்பிரிவு அதைக் கண்டுபிடிப்பு என்றே ஏற்கவில்லை. விதிகளை நீங்கள் எழுதியிருக்கிற வாசகம், பலகையின் ஓவியம் இவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு; பெயரை வணிகச்சின்னமாகப் பதியலாம். கொல்கத்தாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் இணையத்தில் ஸ்க்ராபுலஸ் என்று நடத்தியபோது, 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களைத் தடுத்தது பெயருக்காகத்தான். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு நடத்தினார்கள்.

திருட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் பட்ஸ் தன் ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினபோது யாரும் திருடக்கூட முன்வரவில்லை. முதலில் அதில் பலகையே கிடையாது, பெயர் லெக்சிகோ. பலகை பின்னால் வந்தது. 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்ற நண்பர் எடுத்து, விதியைச் சுலபமாக்கி, கட்டங்களை இடம் மாற்றி, ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்த பிறகுதான் ஓடியது. உங்கள் ஆட்டத்தைப் பூட்டி வைக்காமல் குளச்சலில் நாலு வீட்டுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்டம் முடிய மூன்று மணி நேரம் ஆகிறது, விதிப் புத்தகம் பதினொரு பக்கம். சந்தேகம் வருகிற இடமெல்லாம் ஒரு விதி சேர்த்தோம். எதை வெட்டுவது?
— மூன்று நண்பர்கள், சுசீந்திரம்

பதில்: விதியைச் சேர்த்தது தப்பில்லை, சந்தேகம் வந்ததற்கே சேர்த்ததுதான் தப்பு. எங்கள் வீட்டில் சண்டை வந்தால்தான் விதி, அதுவும் ஒரே சண்டை இரண்டாம் தடவை வந்தால். முதல் தடவை வந்ததைக் காசு சுண்டி முடித்துவிடுவோம். இந்தக் கணக்கில் உங்கள் பதினொரு பக்கத்தையும் எடுத்து, எந்தெந்த விதியை உண்மையில் எடுத்துப் படிக்க வேண்டி வந்தது என்று பென்சிலால் குறி போடுங்கள். குறி இல்லாததெல்லாம் வெட்டு.

நேரத்துக்குக் காரணம் பெரும்பாலும் யோசிக்கிறவர்கள்தான். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம், தாண்டினால் ஒரு காயைப் பைக்குள் போட வேண்டும். பை காலியான பிறகு ஆளுக்கு ஒரே ஒரு முறை, அதோடு முடிவு. கடைசிக் காயையும் தீர்க்கிறேன் என்று உட்கார்ந்தால் அரைமணி நேரம் அங்கேயே போகும், அந்த அரைமணியில் யாரும் ஒரு நல்ல சொல் வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்புறம் மிச்சம் இருக்கிற விதியை ஒரே பக்கத்தில் எழுதி, இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எதுவும் சொல்லக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். என் முதல் விதித்தாளில் ‘மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி’ என்று எழுதியிருந்தேன். எனக்கு அது கண்ணாடி மாதிரி தெளிவு. நான் தாள் கொடுத்த வீட்டில் அப்பாவும் மகளும் எழுத்தின் தலையில் இரண்டு இரண்டு புள்ளியாக வைத்துக்கொண்டே போனார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாயா குடித்தேன். அன்றையிலிருந்து என் தாளில் மதிப்புக்குப் பெயர் பாயிண்ட். தமிழ்ப்பற்றாளர்கள் மன்னிக்கவும், புள்ளி வேறு வேலையில் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு விதி போட்டிருக்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது ஜெயித்திருக்கிறீர்களா?
— வாசகி, தோவாளை

பதில்: அம்மை ஆடாத நாட்களில். போன வாரம்கூட 40 பாயிண்ட் முன்னால் இருந்தேன், கடைசி முறை. அல்ஜீப்ராவா என்று கேட்டவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓட்டு என்று நான் வைத்திருந்ததற்குப் பின்னால் மெல்ல ஒரு ப் வைத்தாள், பா வைத்தாள், ல் வைத்தாள். நீட்டினதுக்குப் புதுக்காய் பாயிண்ட் மட்டும்தான் என்று நான் விதியை எடுத்து நீட்டினேன். “வாசித்துப் பாரு” என்றாள். பா-வுக்கு மேலே கு இருந்தது. நெடுக்கே இன்னொரு சொல்லாம். குபா என்று ஒரு சொல்லே இல்லை, தப்பு என்று குதித்தேன். எதிர்த்துக் கேட்டது தப்பாகிவிட்டால் முறை போகும் என்பதால் முழுக்கக் கூட்டிப் படித்தேன். கு-வுக்கு மேலே ட, அதற்கும் மேலே ப: நெடுக்கே ‘படகுபா’. ஒன்றுமில்லாத சொல். காய் மூன்றையும் எடுக்கச் சொன்னேன். அம்மை எடுத்தாள். அன்றைக்கு நான் ஜெயித்தேன், ராத்திரி எனக்குத் தீயல் கிடைக்கவில்லை.